தசமப் புள்ளிக்குப் பின்

இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்
விடுதியில் இடமில்லை என்கிறது விதி ஒன்பது.
புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வாசலிலிருந்து
நெடுஞ்சாலை வழியே வளாகத்துக்கு
இருபத்து நான்கு புள்ளி ஆறு.

நானூறு மீட்டர் குறைகிறது.
நாய் துரத்தினால் இரண்டு நிமிஷம்.

சனிக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிளில்
பழைய சாலையைப் பிடித்தேன்.
சிம்பாங் அம்பாட்டில் பன்றி லோரிக்குப் பின்னால் மூச்சடக்கி,
சுங்கை பக்காப்பில் ஒரு சீனர் சவ ஊர்வலத்துக்கு நின்று,
ஜாவியில் மழைக்கு ஒதுங்கி
மீட்டரைத் துடைத்துப் பார்த்தேன்.
இருபத்தேழு புள்ளி மூன்று.
என் வீடு இவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது என்று
அங்கேயே, ஈரக் கையோடு, முடிவெடுத்தேன்.

பொய் இல்லை.
சாலை இருக்கிறது. வேண்டுமானால் ஓட்டிப் பார்க்கட்டும்.

ஏன் விடுதி வேண்டும்?
நூறு சொற்களுக்கு மிகாமல்.
குழுப்பணி, ஆய்வகம், இரவு நூலகம் என்று எழுதினேன்.
எழுதாதது:
எங்கள் வீட்டில் ஒரே மேசை.
காலையில் அதில் இட்லித் தட்டு, மாலையில் இஸ்திரி,
இரவு பத்துக்கு மேல் அது என்னுடையது,
பாயான் லெப்பாஸ் ஆலையின் நீலச் சட்டையோடு
அம்மா வந்து
என் நுண்கணிதத்தின் ஓரம் தட்டை வைக்கும்வரை.
எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று
மெதுவாக மெல்லுவாள்.
அந்த மெதுவைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

விடுதிகள் மூன்று.
இருவர் அறையில் குளிர்சாதனம்; விலையைப் பார்த்ததுமே குளிர்ந்துவிட்டது.
ஆறு பேர் அறையில் ஒரு மின்விசிறி.
கால்வாய்ப் பக்கம் நால்வர் அறை,
அங்கே உடும்பு வரும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள்.
மூன்றாம் ஆண்டு லோகமித்ரா ஃபோனில் சிரித்தாள்:
"உடும்பு சார்ஜர் கேட்காது.
அறைக்கு எத்தனை பிளக், அதைக் கேள்."
இரண்டு.
நால்வருக்கு இரண்டு.
முதல் தேர்வு என்று அதையே குறித்தேன்.

பிறகு பாடங்கள்.
நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நான்கு ஆண்டுகளையும் வரைந்தேன்.
கணிதம் ஒன்று இல்லாமல் கணிதம் இரண்டு இல்லை,
கணிதம் இரண்டு இல்லாமல் மின்சுற்று இல்லை,
மின்சுற்று இல்லாவிட்டால்
மூன்றாம் ஆண்டே வீட்டுக்கு வராது.
ஒரே ஓர் அம்பை விரலால் மறைத்தேன்.
வலப்பக்கம் முழுக்க அணைந்தது,
தெரு மின்மாற்றி வெடித்த இரவு போல.

விரலை எடுத்துவிட்டு
பதினெட்டு கிரெடிட்டைப் பதினாறாக்கினேன்.

செவ்வாய் காலை எட்டுக்குப் பதிவு திறந்தது.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா
பசியாறத் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள்.
முப்பத்திரண்டு இடம். இருபத்தொன்பது. முப்பத்தொன்று.
அழுத்தினேன்.
முப்பத்திரண்டு.

என் அட்டவணையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள்:
"புதன் எட்டிலிருந்து ஆறா? ஓவர்டைம் உண்டா?"
"உண்டு. காசுதான் கிடையாது."
வாயில் இட்லியோடு சிரித்தாள்.

அடுத்து விடுதிப் பாரம்.
நுண்ணோக்கியின் கீழ் இருபத்திரண்டு வருஷம்
முடியைவிட மெல்லிய கம்பிகளில் குறை தேடிய கண்
தூரம் என்ற கட்டத்தில் நின்றது.
அந்தப் புள்ளியில். அந்த மூன்றில்.
நான் மூச்சுவிடவில்லை.

அம்மா மென்றாள், சத்தமாக.
"பழைய சாலையே நல்லது," என்றாள்.
"டோல் மிச்சம்."

அன்று மாலை பாசார் மாலாமில்
ஐந்து மீட்டர் நீட்டிப்பு வயர் வாங்கி வந்தாள்,
ஆறு பிளக்.
மீதி நாலு யாருக்கு என்று கேட்டேன்.
"உன்கூட இருக்கப்போற பிள்ளைங்களுக்கும்
ஃபோன் இருக்கும்ல?"